அம்பாசடருக்கு லோ பி.பி.

டாக்டரிடம் போகிறீர்கள். கையில் பட்டையைச் சுற்றி 'புஸ் புஸ்' என்று அமுக்குகிறார். பிரஷர் குறைவாகக் காட்டுகிறது. உடனே "நெஞ்சைத் திறந்துட வேண்டியதுதான்" என்பாரா? மாட்டார். பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஐந்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி அளப்பார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்.

பழைய கார்களுக்கு மட்டும் இந்த மரியாதை கிடைப்பதில்லை. டாஷ்போர்டில் ஆயில் விளக்கு ஒரு தடவை கண்ணடித்தால் போதும். "இன்ஜினை இறக்கிடலாம் சார்!"

எதிர்வீட்டு மாமாவிடம் 1978 மாடல் அம்பாசடர் ஒன்று இருக்கிறது. அவர் அப்பா வாங்கியது. மாமாவுக்கு மாப்பிள்ளை அழைப்பு, மாமிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி, வருஷா வருஷம் குலதெய்வம் கோயில், எல்லாம் அதில்தான். சமீபத்தில், நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நின்றால் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டு, "கிராங்க் அரைக்கணும், பேரிங் செட் மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்ட பெங்களூர் பிள்ளை, "பேசாம காயலான் கடைல போட்டுடுங்கப்பா" என்று போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான். மாமா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அது சாதாரண இன்ஜின் இல்லை. இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்த 1489 சி.சி. இன்ஜின். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியது இதன் ஒன்றுவிட்ட சகோதரன். அம்பாசடர் தயாரிப்பே 2014-ல் நின்றுபோன நிலையில், தேவையில்லாமல் பிரித்துப் போடுவது பாவம்.

ஆயில் பிரஷர் என்றால் என்ன? பம்ப்தான் பிரஷரை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த ஆயில் குறுகலான இடைவெளிகளில் நுழையத் திணறுகிறதே, அந்தத் திணறல்தான் பிரஷர். அபார்ட்மென்ட்டில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் தண்ணீர் நூலாக வருகிறதல்லவா? மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. திறந்த வாய்கள் அதிகம். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பேரிங் தேய்ந்து அது அகலமானால் பிரஷர் இறங்கும். ஆயில் தண்ணீராக இருந்தாலும் இறங்கும். இரண்டில் எது என்று விளக்கு சொல்லாது. சில ரூபாய் பெறுமான ஒரு சுவிட்சின் பேச்சைக் கேட்டு அது எரிகிறது. சுவிட்சே பொய் சொல்லலாம்.

அதனால் முதல் வேலை, ஆயில் குச்சியை உருவி அளவு பார்ப்பது. குறைந்திருந்தால் விஷயம் அங்கேயே முடியலாம். ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். முகர்ந்து பாருங்கள். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள பழைய வண்டிகளில் அதன் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலோடு கலந்துவிடும். அது நெருப்போடு விளையாட்டு.

இரண்டாவது, சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முள் வைத்த பிரஷர் மீட்டரை மாட்டி அளப்பது. மாமா வண்டிக்கு இதைத்தான் செய்யச் சொன்னேன். காலையில் ஸ்டார்ட் செய்தபோது 55 பவுண்டு. (சதுர அங்குலத்துக்கு. டயருக்குக் காற்றடிக்கும் அதே கணக்கு.) அரை மணி ஓட்டி வந்து நின்றபோது 8. ஆக்சிலேட்டரை மிதித்து 2000 சுற்றுக்குக் கொண்டுபோனால் 20.

இந்த மூன்று எண்களே பாதி வைத்தியம். குளிரில் 55 காட்டுகிறதென்றால் பம்ப் தேவலாம். அதிகப் பிரஷரைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கும் தேவலாம். அவை கெட்டிருந்தால் குளிரிலும் முள் எழுந்திருக்காது. சூட்டில் மட்டும் விழுகிறதென்றால் ஒன்று தேய்மானம், இல்லை ஆயில். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்பது பழைய மெக்கானிக்குகளின் வாய்ப்பாடு. நின்ற நிலையில் 15 இருந்தால் இந்த இன்ஜினுக்கு நிம்மதி.

"கடைசியா ஆயில் எங்க மாத்தினேள் மாமா?"

"பெரிய இடம்டா. ஏ.சி. ரூம்ல உக்கார வெச்சு காபி எல்லாம் குடுத்தான்."

பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். 5டபிள்யூ-30. இன்றைய புதுக் கார்களின் நெருக்கமான இன்ஜின்களுக்கான மெல்லிய ஆயில். 1978-க்காரருக்கு மோர் சாதத்துக்குப் பதில் மோரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றி, ஃபில்டரையும் மாற்றினோம். மறுபடி சூடாக்கி அளந்தால் நின்ற நிலையில் 13, ஓட்டத்தில் 37. விளக்கு அணைந்துவிட்டது.

13 என்பது 15 இல்லை. பேரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, வயசுக்கு ஏற்றபடி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 'டொக் டொக்' சத்தம் கேட்டாலோ, எண் இன்னும் இறங்கினாலோ, அன்றைக்கு இன்ஜினை இறக்கலாம். "அப்ப மெக்கானிக் சொன்னது பொய்யா?" என்றார் மாமா. பொய் இல்லை. அளக்காமல் சொன்னது.

இரண்டு எச்சரிக்கை. ஓடும்போது விளக்கு எரிந்து அணையாமல் நின்றால் 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்' என்று நினைக்காதீர்கள். அங்கேயே இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் இல்லாமல் ஓடும் சில நிமிஷங்களில் பேரிங் உருகிவிடும்.

இன்னொன்று, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு. கூழ் மாதிரி கெட்டி ஆயில் ஊற்றி, காலையில் குளிர்ந்த இன்ஜினைக் காட்டி விற்பது பழைய வித்தை. அரை மணி ஓட்டிவிட்டு, சூட்டோடு நிறுத்தி விளக்கைப் பாருங்கள். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான். ஸ்வீட் காரம் காபி நேரத்தில் எல்லோருமே நல்லவர்கள். கொஞ்சம் சூடேறிய பிறகு பார்க்க வேண்டும்.