நாணயம் இல்லாமல் வியாபாரமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பால்கோவாவுக்குப் பால் சுண்டும் வாசனை கடைக்குக் கடை நிற்கிறது. பக்கத்து ராஜபாளையத்தில் நூற்பாலைகள். அதை அடுத்த சத்திரப்பட்டியில் காயம் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். உழைப்பால் பேர் வாங்கிய வட்டாரம் இது. ஆனாலும் கல்லாவில் உட்காரப்போகும் பையனுக்கு இங்கேயும் முதல் பாடமாகச் சொல்லப்படுவது ஒன்றுதான்: "பொய் சொல்லாம யாவாரம் பண்ண முடியாதுப்பா."

இது அனுபவ ஞானம் போல ஒலிக்கிறது. உண்மையில் எடையைக் குறைப்பவனும் மாவு கலப்பவனும் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட நற்சான்றிதழ் இது. வரலாறு இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைப் பின்பற்றி ஒரு சிறு கிறிஸ்தவக் குழு உருவானது. குவேக்கர்கள் என்று உலகம் அவர்களை அழைத்தது. நீதிமன்றத்தில்கூட அவர்கள் சத்தியம் செய்ய மறுத்தார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால், மற்ற நேரத்தில் பேசுவது என்ன என்பது அவர்கள் கேள்வி. இதனால் அரசுப் பதவிகள் அவர்களுக்கு அடைபட்டன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இருந்த மதத் தடைகள் பெரும்பாலும் நீங்கியதே 1871இல்தான். எஞ்சியது வியாபாரம். அதிலும் பொய் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு. நம் ஊர் வாதப்படி பார்த்தால் இவர்கள் ஒரே தலைமுறையில் கடையை மூடியிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. பேரம் பேசிச் சாமான் வாங்குவதே வழக்கமாக இருந்த காலத்தில் குவேக்கர் கடைகளில் கறார் விலை. பெரியவர் வந்தாலும் சின்னக் குழந்தை வந்தாலும் அதே காசு. குழந்தையைத் தனியாகக் கடைக்கு அனுப்பத் தாய்மார்கள் தயங்கவில்லை. கடனைத் திருப்பித் தராமல் திவாலானவரைச் சபையே விசாரித்தது. குற்றம் இருந்தால் விலக்கியது. அவர்களிடம் பணத்தைக் கொடுத்து வைக்க ஊர் துணிந்ததில் வியப்பில்லை. பார்க்ளேஸ், லாய்ட்ஸ் என்ற இரண்டு பெரிய வங்கிகளின் வேரும் குவேக்கர் குடும்பங்களில் இருக்கிறது.

பால்கோவா ஊருக்கு இன்னும் நெருக்கமான கதை, சாக்லேட்டுக்குப் பேர்போன கேட்பரி என்ற குவேக்கர் குடும்பத்துடையது. 1861இல் ரிச்சர்ட், ஜார்ஜ் என்ற சகோதரர்கள் தந்தையிடமிருந்து ஏற்றது நொடித்துக்கொண்டிருந்த தொழிலை. அப்போது கோகோவில் மாவு கலப்பது ஊரறிந்த வழக்கம்; சில சரக்குகளில் செங்கல் பொடிகூட இருந்தது. ஹாலந்திலிருந்து கோகோக் கொழுப்பைப் பிழியும் இயந்திரத்தை வாங்கி, மாவு சேர்க்கத் தேவையில்லாத சுத்தமான கோகோவை 1866இல் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கலப்படமில்லை என்பதையே விளம்பரமாக்கினார்கள். மூழ்கும் தொழில் அந்தச் சரக்கால் நிமிர்ந்தது. அவர்களைத் தூக்கி நிறுத்தியதே உண்மைதான்.

"சம்பாதித்து முடித்த பிறகு பள்ளிக்கூடம் கட்டிப் புண்ணியம் தேடியிருப்பார்கள்" என்று அடுத்த வாதம் வரும். அதுவும் தவறு. பணக்காரப் பட்டியலில் பேர் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே பள்ளிகள் வந்துவிட்டன. வசதி குறைந்த குவேக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்காக யார்க்‌ஷயரின் ஆக்வொர்த்தில் பள்ளி திறந்தது 1779இல். ஆண், பெண் இருபாலருக்கும். பல்கலைக்கழகம் மறுக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பள்ளிகளே கணக்கும் அறிவியலும் கற்றுக் கொடுத்தன. கேட்பரியின் போர்ன்வில் ஆலையில் இளம் ஊழியர்கள் வேலை நேரத்திலேயே வகுப்புக்குப் போனார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1928இல் சென்னை வேப்பேரியின் பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜோரி சைக்ஸ் பின்னர் குவேக்கரானார். தமிழ் கற்றார். சாந்திநிகேதனிலும், கைத்தொழிலோடு பாடத்தைப் பிணைத்த சேவாகிராமக் கல்வித் திட்டத்திலும் உழைத்தார்.

குவேக்கர்களும் சறுக்கியதுண்டு, அதை மறைத்தால் இந்தக் கட்டுரையும் கலப்படமாகிவிடும். சாவோ டோமே தீவின் கோகோத் தோட்டங்களில் அடிமை உழைப்பு நடக்கிறது என்ற செய்தி 1901இல் கேட்பரிக்கு எட்டியது. விசாரித்தார்கள், பேசினார்கள், அங்கே வாங்குவதை நிறுத்தியது 1909இல்தான். இதைச் சுட்டிய பத்திரிகைமீது அவதூறு வழக்குப் போட்டு வென்றார்கள். நடுவர் குழு விதித்த இழப்பீடு கால் பென்னி. உண்மையின் பேரால் வளர்ந்தவர்களின் எட்டாண்டுத் தாமதத்துக்கு ஊர் கொடுத்த மதிப்பு அவ்வளவே.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில்" என்று தப்பிக்கவும் வழியில்லை. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ஒரு கதிர்கூடச் சுழலாத ஆலைக்குப் பங்குப் பணம் போடுகிறவர் எதைப் பார்த்துப் போடுவார்? ஆளின் வார்த்தையைப் பார்த்துத்தான். அவர் பெயரிலேயே 1963இல் ஊரில் பாலிடெக்னிக் வந்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த இதே ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ 1875 முதல் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. தொழிலும் கல்வியும் தோளோடு தோள் நின்ற மண்ணில்தான் பொய்யை முதலீடு என்கிறார்கள்.

நம் மொழியே இந்த வாதத்தை ஏற்பதில்லை. காசுக்கும் நாணயம், நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல்லை வைத்த முன்னோர்கள் வியாபாரம் தெரியாதவர்கள் அல்லர். சத்திரப்பட்டித் துணியில் இழையைக் குறைத்தால் அது யாரோ ஒருவரின் ஆறாத புண்ணில் போய் நிற்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் வேண்டாத பண்டம் அது. ஊர்ப் பெயரை அட்டையில் அச்சிட்டு மாவையும் டால்டாவையும் அடைத்து விற்பவர் வாங்குகிறவரை மட்டும் ஏமாற்றவில்லை. விடியலில் கறந்த பாலைக் கொண்டுவந்து கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுகிற ஒவ்வொருவரின் கூலியிலும் கை வைக்கிறார். அந்தப் பாலைப் பால்மானி வைத்துச் சோதித்துத்தானே வாங்குகிறோம்? மாட்டுக்காரரிடம் கேட்கும் அதே சுத்தத்தைக் கடைக்காரரிடமும் கேட்க வேண்டும். அட்டையில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது தெளிவாக இருக்கட்டும். காரில் வந்து இறங்கும் பக்தருக்கும் பக்கத்துத் தெருக்காரருக்கும் ஒரே விலைப் பலகை தொங்கட்டும். கல்லாவில் உட்காரும் பையனுக்கு முதல் நாளே அந்தப் பலகையைக் காட்டுவோம்.