வைத்தியரின் நெஞ்சறிந்த குற்றம்

வலிபோக்கும் மாத்திரைகள் அமெரிக்க நாட்டில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்துவிட்டன. பணத்துக்காகவே சீட்டெழுதிய வைத்தியரும் உளர்; அன்னாருக்காக நாம் வாதாட வரவில்லை. ஆனால், வழக்குக்கு அஞ்சி நேர்மையான வைத்தியர் பேனாவை மூடிவிட்டால், வலியால் துடிப்பவன் கதி என்ன?

அந்நாட்டின் 1970ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டப்படி, வைத்திய நோக்கத்துக்காக, தொழிலின் வழமைக்குள் நின்றே இம்மருந்துகளை எழுதலாம். வழமையை மீறினார் என்று காட்டினால் மட்டும் போதுமா? மீறுவதை அறிந்திருந்தார் என்றும் காட்டவேண்டாமா? அலபாமாவில் 21 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்ட ருவான் என்னும் வைத்தியரின் வழக்கில் எழுந்த வினா இதுவே. 2022 ஜூன் 27இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் விடை பகர்ந்தது: எதிரி அறிந்தோ வேண்டுமென்றோ அதிகாரம் கடந்தார் என்பதை, நியாயமான சந்தேகத்துக்கு அப்பால், அரசுதான் நிரூபிக்கவேண்டும். கீழ்மன்றின் தீர்ப்பு நிற்காது என்பதில் ஒன்பது நீதியரசரும் ஒன்றுபட்டனர்.

இது குற்றவாளிக்குத் திறந்த வாசல் என்பார் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. தவறிய வைத்தியர் வேறு, விற்ற வைத்தியர் வேறு. முன்னவருக்கு நட்டஈட்டு வழக்கும் வைத்திய சபையின் விசாரணையும் உண்டு, சிறை எதற்கு? மனத்தை எவ்வாறு அறிவது என்பாருக்கு, சோதித்த குறிப்பும் நோயாளியின் ஏடும் சாட்சி சொல்லும். நம்பிக்கை எவ்வளவுக்கு நியாயமற்றதோ, அவ்வளவுக்கு ஜூரிமார் அதனை ஐயுறலாம் என்றும் அதே மன்று கூறியுள்ளது. நோயாளியின் முகத்தையே பாராது சீட்டெழுதியவர் எந்த ஏட்டைக் காட்டுவார்?