கடைசிப் பக்கம் எங்கே?

மர்ம நாவல் படிப்பது வீண் வேலை என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோவை ராஜேஷ்குமார் ஆகட்டும், ‘மர்மதேசம்’ தந்த இந்திரா சௌந்தர்ராஜன் ஆகட்டும், எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. புதைந்து கிடக்கும் உண்மை ஒன்று, அதை மறைக்க ஒரு கூட்டம், தோண்ட ஒரு ஆள். கடைசிப் பக்கத்தில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்!

ஆனால் நண்பர்களே, நிஜத்தில்?

நம்ம மடத்துக்குளத்துக்குப் பக்கம்தான் பழனி. அதையடுத்த பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். ஈமக்குழிப் பானையில் சுமார் 2 கிலோ நெல்! அமெரிக்க ஆய்வுக்கூடம் சொன்ன காலம் கி.மு. 490. முடிவு ஒழுங்காக வெளியே வந்தது.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டினார்கள். கி.மு. 905, கி.மு. 696 என்ற காலக்கணிப்பு 2019இல்தான் தெரிந்தது; அதுவும் கோர்ட்டுக்குப் போன பிறகு! கீழடியைத் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் அவர் கொடுத்த 982 பக்க அறிக்கையை, விளக்கம் போதாது, திருத்துங்கள் என்று மத்திய தொல்லியல் துறை 2025 மே மாதம் திருப்பி அனுப்பியது.

இது சதியா? அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் நாவல் வில்லன் துப்பாக்கி தூக்கித்தான் உண்மையை மறைக்கிறான். நிஜத்தில் பைல் மேசைமேல் தூங்கினாலே போதும்.

இதில் எனக்கென்ன வந்தது? எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். ‘படிப்பெல்லாம் நமக்கு எதுக்குப்பா’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். கீழடியில் அன்றாடம் புழங்கிய பானை ஓட்டிலேயே ‘ஆதன்’ என்று பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். எழுத்து நம் மண்ணுக்குப் புதுசு இல்லை என்று அந்த ஓடு சொல்கிறது. அந்தச் சேதியைக் கட்டி வைத்தால் நஷ்டம் என்னைப் போன்றவனுக்குத்தான்.

தோண்டி முடித்த 2 வருஷத்துக்குள் அறிக்கையை அச்சிட வேண்டும் என்று சட்டம் வரட்டும். ஒப்பாதவர்களின் மறுப்பும் கூடவே அச்சாகட்டும். படித்துவிட்டு நாம் முடிவு செய்வோம்.

நமக்கும் வேலை உண்டு. நாளைக்கு சைட்டில் அஸ்திவாரம் தோண்டும்போது தாழியோ ஓடோ தட்டுப்பட்டால், உடைத்துக் கொட்டாமல் தாலுகா ஆபீசில் சொல்வோம். பிறகு ‘ஆய்வு என்ன ஆச்சு?’ என்று விடாமல் கேட்போம். கேட்டால்தான் கடைசிப் பக்கம் வரும்!