கப்பல்காரத் தாத்தாவின் காகிதம்

மும்பை தாராவியில் நாங்கள் குடியிருந்த சாலில், அந்த வரிசை அறைக் குடியிருப்பில், கடைசி அறை கப்பல்காரத் தாத்தாவுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பதனிடும் வேலை. சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் வெந்திருக்கும். சாயங்காலம் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவியபடி வாசலில் உட்காருவார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வோம்.

இரண்டாம் உலகப் போரில் அவர் ராயல் இந்தியக் கடற்படையில் ஸ்டோக்கர். கொதிகலன் அறையில் வேலை. 1945 தொடக்கத்தில் பர்மாவின் அராக்கான் கரையில் இந்தியக் கப்பல்கள் ஜப்பானியர்மீது குண்டு வீசியபோது இவர் கீழ்த்தளத்தில் வெந்துகொண்டிருந்தார். "நான் எங்கட்டி சண்டையப் பாத்தேன்? சத்தந்தான் கேட்டேன்" என்பார்.

அவர் குரல் தாழ்வது 1946 பற்றிப் பேசும்போதுதான். பிப்ரவரி 18 அன்று கொலாபாவின் தல்வார் தளத்தில் மோசமான சாப்பாட்டையும் அதிகாரிகளின் வசவையும் பொறுக்காத மாலுமிகள் உண்ண மறுத்தார்கள். சில நாட்களில் 78 கப்பல்கள், 20 தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று அந்தக் கிளர்ச்சி பரவியது. காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றும் கப்பல்களில் பறந்தன. ஆதரவாகத் தெருவுக்கு வந்த மும்பைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பழிவாங்கல் நடக்காமல் பார்த்துக்கொள்வதாகக் காங்கிரஸ் தலைவர் சர்தார் பட்டேல் சொன்னதை நம்பி, 23ஆம் தேதி மாலுமிகள் சரணடைந்தார்கள். ஆனால் பலரை முலுண்ட் முகாமில் அடைத்தார்கள். தாத்தா உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு சுதந்திரம் வந்தது. இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை. தாத்தா தோல் வேலைக்கு வந்தது அப்படித்தான்.

பின்னாளில் இந்தக் கிளர்ச்சியையும் விடுதலைப் போராட்டமாக ஏற்று அரசு ஓய்வூதியம் அறிவித்தது. கொலாபாவில் நினைவுச் சின்னமும் எழுந்தது. ஓய்வூதியத்துக்குச் சான்று வேண்டும். தாத்தாவின் சான்று, ஒரு ஜூலை மழையில் அறைக்குள் தண்ணீர் ஏறியபோதே தகரப்பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. அவர் மனுவே போடவில்லை. "வெறுங்கையோட போயி என்னத்தக் கேக்க?" என்றார்.

போருக்குப் போனவனின் வாழ்க்கைக்கு அவன் வீட்டுத் தகரப்பெட்டி மட்டும் சாட்சியாக இருப்பது அநியாயம். முதல் உலகப் போருக்குப் போன ஆஸ்திரேலியச் சிப்பாய்களின் சுமார் 3,76,000 கோப்புகளை அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஆடு மேய்த்தவன், ரொட்டி சுட்டவன் எல்லோரும் அதில் உண்டு. பேரப்பிள்ளை காசில்லாமல் படிக்கலாம். நம் அரசும் 1946இல் நீக்கப்பட்ட மாலுமிகளின் பெயர், ஊர், கப்பல் விவரங்களைப் பொதுவில் வெளியிட வேண்டும். மும்பைத் தமிழ் அமைப்புகள் இதைக் கேட்டு எழுத வேண்டும்.

தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு காகிதம் கிடந்தால், அடுத்த மழைக்கு முன்னால் அதைப் படமெடுத்து வையுங்கள்.