ஆராதனையில் வாத்தியம்

கிறிஸ்தவ ஆராதனையில் வாத்தியம் கூடுமா என்னும் விவாதத்தை அற்பமென்று நாம் தள்ளுவதற்கில்லை. ஸ்காட்லாந்தின் சுயாதீனத் திருச்சபையார் ஒரு நூற்றாண்டு காலம் வாத்தியமின்றிச் சங்கீதங்களை மட்டுமே பாடி வந்தனர். 2010-ல் எடின்பரோவில் கூடிய அவர்களது மகாசபை அத்தடையை நீக்கி, முடிவை அந்தந்தச் சபைக்கே விட்டது. ஆதரவு 98, எதிர்ப்பு 84.

வாத்தியங்கள் பழைய ஆலயப் பலிகளோடு ஒழிந்தன என்பது எதிர்ப்போர் வாதம். ஆயினும் வீணையாலும் கைத்தாளத்தாலும் கர்த்தரைத் துதிக்கச் சொல்லும் 150ஆம் சங்கீதத்தை அவர்களும் பாடுகிறார்களன்றோ? வாயால் பாடுவதைக் கையால் செய்தால் குற்றமா?

எனினும், லூயிஸ் தீவில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபையார் யாவரும் கெய்லிக் மொழியில் தொடர்ந்து பாடும் முறையை நாம் இகழோம். ஆர்கன் முழங்கினால் பாடுவோர் வெறுங் கேட்போராகும் அபாயம் மெய்யே. வேண்டாமென்னும் சபையின்மீது அதை எவரும் சுமத்தலாகாது.