பழமை மீது பழி போடாதீர்!

லினக்ஸைப் புதிய பதிப்புக்கு உயர்த்த முற்படுகிறார் ஒரு மாணவர். பாதி வழியில் வேலை நிற்கிறது. மறுபடி இயக்கினால் திரை இருண்டு கிடக்கிறது. உடனே சுற்றி நிற்போர், "மடிக்கணினி பழசு, தூக்கிப் போடு!" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நாடி பிடித்துப் பாராமலே நோயாளி இறந்தான் என்று எழுதித் தரும் மருத்துவரை நாம் மன்னிப்போமா?

பழுது எங்கே என்று பார்ப்போம். இயக்கத்தின் கருவாகிய கெர்னல் தங்குவதற்கு, சில பழைய நிறுவல்களில் 'பூட்' என்னும் சிறிய தனிப்பகுதி உண்டு. பழைய கெர்னல்கள் அங்கே தேங்கி இடம் நிரம்பிவிட்டால், புதியது நுழைய வழியில்லை. இது முதுமையா? அன்று; பெருக்காத வீடு! தொடக்கத்தில் வரும் 'க்ரப்' பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து பாருங்கள். பல வேளைகளில் கணினி எழுந்துவிடும். பிறகு வேண்டாதவற்றை நீக்கி, அரைகுறையாக நின்ற நிறுவலை முடித்து வைக்கலாம். திரை மட்டும் இருண்டிருந்தால், குற்றம் கிராபிக்ஸ் டிரைவரில் இருக்கலாம். 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்து இயக்கினால் அது விளங்கும்.

முதுமையே காரணமாவதும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் 386 கணினியில் எழுதத் தொடங்கியதே லினக்ஸ். அந்த 386ஐயே 2013இல் வந்த 3.8 கெர்னல் கைவிட்டது! உபுண்டு 2017 அக்டோபரில் தன் 32 பிட் டெஸ்க்டாப் வெளியீட்டை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் பிசிக்களுக்குக் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. அவற்றை உயர்த்த வேண்டாம் என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே எச்சரிக்கிறது. அக்குறிப்பை முன்பே படிப்பவருக்கு இந்தத் துன்பம் ஏது?

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. 64 பிட் சிப் உள்ள கணினியிலே 32 பிட் லினக்ஸ் போட்டிருப்பார்கள். 'எல்எஸ்சிபியு' என்ற ஒரே கட்டளை உண்மையைச் சொல்லிவிடும். அப்படியானால், கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவலாம். ரேம் குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப் போதும்.

நண்பர்களே! ஊரை விட்டு, மொழி பழகாத நகரத்தில் படிக்க வந்திருக்கிறோம். கடன் வாங்கி மடிக்கணினி வாங்கித் தந்த பெற்றோர் நம்மிடையே பலருக்கு உண்டு. அதனுள் ஆய்வேடும் அடங்கியிருக்கிறது. "புதிதாக வாங்கு" என்பது சொல்பவர்க்கு எளிது. கேட்பவர்க்கு அது ஒரு பருவத்தின் உணவுச் செலவு.

சொற்பொழிவுக்கும் நாடகத்துக்கும் மேடை தரும் நம் சங்கம், வாரத்தில் ஒரு மாலை பழுதான கணினிகளுக்கு ஒரு மேசை தரட்டும். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று, கோப்புகளைக் காக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று, பிழைச்செய்தியைப் பொறுமையாகப் படிக்கும் நண்பர் இருவர் - இவை போதும். தூக்கி எறிவதற்கு முன் காரணம் கேட்போம். அதுவே கற்றவர்க்கு அழகு.