பியானோவுக்கு ஆசிரியர் வேண்டுமா?

கையில் கைபேசி இருக்கும்போது ஆசிரியர் எதற்கு என்று நம் மாணவ நண்பர்கள் பலர் கேட்கின்றனர். பியானோ கற்க விரும்புகிறவர்கள் யூடியூப் காணொளிகளைக் கொண்டே தொடங்கிவிடுகின்றனர். எந்தக் கட்டையை எப்போது அழுத்துவது என்பதைத் திரையே காட்டிவிடுகிறது. சில நாளில் ஒரு திரைப்பாடலின் பல்லவி வந்துவிடுகிறது. இதற்குமேல் பணம் கொடுத்துப் படிப்பது வீண் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும், பிற்காலத்தில் ஆசிரியர் இல்லாமல் இருந்தாலும் இருக்கலாம்; தொடக்கத்தில் இல்லாமல் முடியாது என்பதே என் கருத்து.

பிழைகள் இரு வகை. ஒன்று காதுக்குத் தெரியும், மற்றொன்று தெரியாது. தவறான சுரத்தை அழுத்தினால் காதே திருத்திவிடும். மணிக்கட்டு இறுகியிருப்பதையும், தோள் உயர்ந்திருப்பதையும், விரல் முறை மாறியிருப்பதையும் காது சொல்லாது. அவற்றைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் கண் ஒன்று வேண்டும். காணொளியை நாம் பார்க்கிறோம். காணொளி நம்மைப் பார்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. பியானோவில் முதலில் பழகும் சி மேஜர் வரிசை, நம் சங்கராபரணத்தின் ஆரோகணத்தை ஒத்தது. சுரங்கள் எட்டு, வலக்கை விரல்களோ ஐந்து. ஸ, ரி, க மூன்றையும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் வாசித்ததும், பெருவிரல் நடுவிரலின் கீழே புகுந்து மத்தியமத்தைப் பிடிக்க வேண்டும். எஞ்சிய ஐந்து சுரங்களுக்கும் அப்போது ஐந்து விரல்கள் கிடைத்துவிடும். தானாகப் பழகுகிறவரோ ஐந்து விரலால் ஐந்து சுரத்தை முடித்துக்கொண்டு, கையைத் தூக்கி ஆறாவதற்குத் தாவுவார். மெதுவாக வாசிக்கையில் வேற்றுமை தெரியாது. வேகம் கூடியதும் பஞ்சமத்துக்கும் தைவதத்துக்கும் இடையே ஓசை முறியும். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும், பிழை பழக்கமாகியிருக்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அன்றோ! கார்ல் பிலிப் இமானுவேல் பாக் 1753-இல் வெளியிட்ட தம் நூலில் முதல் அத்தியாயத்தையே விரல் முறைக்கு ஒதுக்கியது காரணமின்றி அன்று.

இன்னொன்றும் கூறலாம். பியானோவின் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி எழுந்து கம்பியைத் தாக்குகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி ஓர் இம்மியும் கூடாது. இதை அறியாதவர் அழுத்திக்கொண்டே இருப்பார். கைவலிதான் மிச்சம்.

மேதைகள் யாரிடம் கற்றார்கள் என்று சிலர் கேட்கலாம். இளையராஜா தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஆர்மோனியத்தோடு வளர்ந்தவர். இருந்தும் சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையைப் பயின்றார். அந்தத் தன்ராஜ் மாஸ்டரிடமே பின்னர் ஏ. ஆர். ரகுமானும் பயின்றார். மேதைக்கே ஆசிரியர் வேண்டியிருந்தது என்றால், மற்றவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவனுக்குக் கட்டணம் பெருஞ்சுமை. கற்பிப்பதைவிடக் கடிந்துகொள்வதில் வல்லவரான ஆசிரியர்களும் உண்டு. தேர்வுக்குரிய மூன்று நான்கு பாடல்களை மட்டும் ஆண்டு முழுதும் உருப்போட வைப்போரும் உண்டு. ஆனால் ஆசிரியர் வேறு, தேர்வு வேறு. சான்றிதழ் வேண்டாதவனுக்கும் நல்ல கைப்பழக்கம் வேண்டும். முதல் ஆறு மாதம், மாதம் இரண்டு வகுப்பு போதும். எஞ்சிய நாட்களில் காணொளியைத் துணையாகக் கொள்ளலாம். அடித்தளம் அமைந்தபின் தனியே நடக்கலாம்.

இந்த ஊரில் தமிழ் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது அரிது என்பார்கள். அதுவும் பெரிய தடையாகாது. இறுகிய மணிக்கட்டை ஆசிரியர் தம் கையால் தொட்டுத் தளர்த்தும்போது மொழிக்கு அங்கே வேலை இல்லை.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா மேடைக்கு ஆண்டுதோறும் செலவிடுகிறோம். அதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஆர்வமுள்ள ஐந்தாறு பேருக்குப் பொதுவாக ஓர் ஆசிரியரை அமர்த்தலாம். தனியொருவனால் தாங்க முடியாத கட்டணத்தை ஆறு பேர் எளிதில் பகிர்ந்துகொள்ளலாம். அடுத்த பொங்கலுக்கு மேடையில் வாசிக்க வெளியாரை அழைக்க வேண்டிய தேவையும் ஒருவேளை இராது. சங்கத்தார் சிந்திப்பார்களாக!